குதிரை இல்லாதவனுக்கு அதிக வரி

ஒரு குதிரை வண்டி வைத்திருக்கும் சலவைக்கடைக்கு மூன்று மாதத்துக்கு 2 டாலர் வரி. வண்டி எதுவும் இல்லாமல், துணி மூட்டையைத் தோளில் சுமந்து வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுக்கும் சலவைக்கடைக்கு 15 டாலர் வரி. 1870-களில் அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ நகர நிர்வாகம் போட்ட விதி இது. விதியில் எந்த இனத்தின் பெயரும் கிடையாது. ‘சீனர்’ என்ற சொல் ஓரிடத்தில்கூட வராது. ஆனால், அந்த ஊரில் வண்டி இல்லாமல் தோளில் சுமந்தவர்கள் யார் என்பது விதியை எழுதியவர்களுக்குத் தெரியும். படித்தவர்களுக்கும் தெரியும்.

அமெரிக்கச் சீனர்களைப் பற்றி இன்று உலகம் முழுக்க ஒரு கதை சொல்லப்படுகிறது. ‘வெறுங்கையோடு வந்தார்கள், வாய் திறக்காமல் உழைத்தார்கள், பிள்ளைகளைப் படிக்க வைத்தார்கள், முன்னேறிவிட்டார்கள்’ என்பது அந்தக் கதை. அதோடு நிற்பதில்லை. ‘அவர்களால் முடிந்தது மற்றவர்களால் ஏன் முடியவில்லை?’ என்ற கேள்வியும் வாலாக ஒட்டிக்கொண்டு வருகிறது. இந்தக் கேள்வியைக் கேட்டுக் கேட்டுச் சலித்தவர்கள் இந்தப் பக்கத்தின் வாசகர்கள். எனவே, அந்த ஊரில் உண்மையில் என்ன நடந்தது என்று ஒருமுறை முழுதாகப் பார்த்துவிடுவது நல்லது.

தங்கமலைக்கு வந்தவர்கள்

1848 ஜனவரியில் கலிபோர்னியாவில் தங்கம் கிடைத்தது. செய்தி கடல் கடந்து தென்சீனாவின் குவாங்தோங் மாகாணத்துக்குப் போனது. அபினிப் போரும், உள்நாட்டுக் கலவரமும், பஞ்சமும் சேர்ந்து அந்த மாகாணத்து விவசாயிகளை நொறுக்கியிருந்த காலம் அது. தைஷான் முதலான சில வட்டங்களின் ஆண்கள் கடன் வாங்கிக் கப்பலேறினார்கள். கலிபோர்னியாவுக்கு அவர்கள் வைத்த பெயர் ‘தங்கமலை’. இன்றும் சீன மொழியில் சான் பிரான்சிஸ்கோவின் பெயர் ‘பழைய தங்கமலை’தான். 1852-ஆம் ஆண்டில் மட்டும் சுமார் 20,000 சீனர்கள் அந்தத் துறைமுகத்தில் இறங்கினார்கள்.

வந்த வேகத்திலேயே வரியும் வந்தது. அந்நியச் சுரங்கத் தொழிலாளர் மீது மாதம் 3 டாலர் என்று 1852-இல் கலிபோர்னியா அரசு வரி போட்டது. ‘அந்நியர்’ என்று பொதுவாக எழுதியிருந்தாலும் வசூல் பெரும்பாலும் சீனர்களிடம்தான் நடந்தது. வரி வசூலிக்க வந்தவர் அடித்தால் யாரிடம் முறையிடுவது? அதற்கும் வழியில்லாமல் போனது. லிங் சிங் என்ற சீனத் தொழிலாளியைச் சுட்டுக் கொன்ற ஜார்ஜ் ஹால் என்ற வெள்ளையருக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டிருந்தது. 1854-இல் கலிபோர்னியா உச்ச நீதிமன்றம் அந்தத் தண்டனையை ரத்து செய்தது. காரணம், சாட்சி சொன்னவர்கள் சீனர்கள். கறுப்பர்களும் அமெரிக்கப் பழங்குடிகளும் வெள்ளையருக்கு எதிராகச் சாட்சி சொல்லக் கூடாது என்று ஒரு சட்டம் ஏற்கெனவே இருந்தது. சீனர்களும் அதில் அடக்கம் என்று நீதிபதிகள் பொருள் சொன்னார்கள். கொலையைக் கண்ணால் பார்த்தவர்கள் இருந்தார்கள். ஆனால் அவர்கள் பார்த்தது செல்லாது என்றாகிவிட்டது.

உழைப்பு மரியாதை வாங்கித் தந்ததா?

அமெரிக்காவின் கிழக்கையும் மேற்கையும் இணைத்த முதல் ரயில் பாதையின் மேற்குப் பகுதியைப் போட்டவர்களில் மிகப் பெரும்பாலானோர் சீனர்கள். 1865 முதல் 10,000-க்கும் மேற்பட்டவர்கள் சியரா நெவாடா மலையைக் குடைந்தார்கள். பனிச்சரிவிலும் வெடிவிபத்திலும் செத்தார்கள். எத்தனை பேர் செத்தார்கள் என்று கம்பெனி ஒழுங்காகக் கணக்குக்கூட வைக்கவில்லை. வெள்ளைத் தொழிலாளர்களுக்குச் சம்பளத்தோடு சாப்பாடும் இடமும் கம்பெனி கொடுத்தது. சீனர்களுக்குச் சம்பளமும் குறைவு, சாப்பாட்டுச் செலவும் அவர்கள் கையிலிருந்துதான்.

1867 ஜூனில் சில ஆயிரம் சீனத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். சமக்கூலியும் குறைந்த வேலை நேரமும் அவர்கள் கோரிக்கை. கம்பெனி மலைக்குப் போகும் உணவுப் பொருளை நிறுத்தியது. ஒரு வாரத்தில் பசி அவர்களைத் திரும்ப வேலைக்கு அழைத்து வந்தது. 1869 மே 10-ஆம் தேதி இரு பாதைகளும் இணைந்தபோது எடுத்த புகைப்படம் உலகப் புகழ் பெற்றது. பாதை போட்ட அந்த ஆயிரக்கணக்கானோரின் முகங்களை அதில் தேடினால் கிடைக்காது.

‘உழைத்தால் மதிப்பார்கள்’ என்பது உண்மையாக இருந்திருந்தால், 1869-க்குப் பிறகு அவர்கள் வாழ்வு உயர்ந்திருக்க வேண்டும். நடந்தது நேர்மாறு. ரயில் வேலை முடிந்து நகரத்துக்குத் திரும்பியவர்களை வரவேற்றவை புதுப்புது விதிகள்.

காவடித்தடியில் கூடை கட்டிச் சுமந்துகொண்டு நடைபாதையில் நடக்கக் கூடாது என்று 1870-இல் ஒரு விதி. யார் காவடித்தடியில் சுமந்தார்கள்? அதே ஆண்டில் இன்னொரு விதி: தங்குமிடத்தில் ஓர் ஆளுக்கு 500 கன அடி காற்று இருக்க வேண்டும், இல்லாவிட்டால் தங்கியிருப்பவர் மீதும் வழக்கு. கேட்டால் சுகாதாரம் என்பார்கள். சீனர் பகுதியைத் தவிர வேறெங்கும் வாடகை கிடைக்காமல் நெருக்கியடித்துக் கிடந்தவர்களுக்கு அது கைது ஆணை. அவர்கள் ஒரு காரியம் செய்தார்கள். அபராதம் கட்ட மறுத்துக் கூட்டம் கூட்டமாகச் சிறைக்குப் போனார்கள். சிறையிலேயே ஆளுக்கு 500 கன அடி காற்று இல்லாமல் போய்விட்டது. சட்டத்தை மீறியது இப்போது சிறைச்சாலை!

நிர்வாகம் வெட்கப்படவில்லை. சிறைக்கு வருபவரின் தலைமுடியை ஓர் அங்குலத்துக்கு ஒட்ட வெட்ட வேண்டும் என்று 1876-இல் அடுத்த விதியைக் கொண்டுவந்தது. அன்றைய சீனப் பேரரசின் குடிமகனுக்குப் பின்னல் இல்லாமல் ஊர் திரும்ப முடியாது. அவமானத்தைத் தண்டனையாக்கினால் சிறை நிரம்பாது என்பது கணக்கு. ஹோ ஆ கௌ என்ற தொழிலாளி, தன் பின்னலை வெட்டியதற்கு எதிராக வழக்குப் போட்டு 1879-இல் வென்றார். விதி பொதுவாக எழுதப்பட்டிருந்தாலும் அது யாரைக் குறிவைத்தது என்பது ஊருக்கே தெரியும், நீதிபதி மட்டும் கண்ணை மூடிக்கொள்ள முடியாது என்பதுதான் அந்தத் தீர்ப்பின் சாரம்.

சலவை அவர்கள் குலத்தொழிலா?

சீனாவில் இந்த ஆண்கள் யாரும் சலவைக்காரர்களாக இருந்தவர்கள் இல்லை. அவர்கள் விவசாயிகள். சுரங்கத்திலிருந்து வரியாலும் அடியாலும் விரட்டப்பட்டார்கள். தொழிற்சாலைகளில் வெள்ளைத் தொழிலாளர்கள் எதிர்த்தார்கள். பெண்கள் குறைவாக இருந்த அந்த ஊரில் துணி வெளுக்க ஆள் இல்லை. கொஞ்சம் முதல் போட்டால் போதும், யாரோடும் போட்டியில்லை என்பதால் அந்த வேலையில் புகுந்தார்கள். ஒரு தலைமுறைக்குள் ‘சீனன் என்றால் சலவைக்காரன்’ என்று ஆகிவிட்டது. முதலில் மற்ற கதவுகளை எல்லாம் அடைப்பார்கள். திறந்திருக்கும் ஒரே கதவில் நுழைந்ததும், ‘இதுதான் இவர்கள் சுபாவம், இதுதான் இவர்களுக்கு வரும்’ என்பார்கள். பிறப்போடு தொழிலை ஒட்டும் வேலை இப்படித்தான் நடக்கிறது.

அந்த ஒரு கதவையும் அடைக்கப் பார்த்தார்கள். மரக் கட்டடத்தில் சலவைக்கடை நடத்த நகர நிர்வாகக் குழுவின் அனுமதி வேண்டும் என்று 1880-இல் விதி வந்தது. தீப்பிடிக்கும் ஆபத்தாம். நகரின் 320 சலவைக்கடைகளில் 310 மரக் கட்டடங்களில்தான் இருந்தன. ஊரே மரத்தால் கட்டிய ஊர். சீனர்கள் 200 பேர் விண்ணப்பித்தார்கள். ஒருவருக்கும் அனுமதியில்லை. சீனர் அல்லாதவர்கள் சுமார் 80 பேர் விண்ணப்பித்தார்கள். ஒருவரைத் தவிர எல்லாருக்கும் அனுமதி. சீன மரம் மட்டும்தான் தீப்பிடிக்குமோ?

‘யிக் வோ’ என்ற பெயரில் 22 ஆண்டுகளாக ஒரே இடத்தில் கடை நடத்தியவரிடம் தீயணைப்புத் துறையின் சான்றும் சுகாதாரத் துறையின் சான்றும் இருந்தன. அனுமதி மட்டும் கிடைக்கவில்லை. 10 டாலர் அபராதம் கட்ட மறுத்துச் சிறைக்குப் போனார். அவர் தனி ஆளாக வழக்கு நடத்தவில்லை. சலவைத் தொழிலாளர்களின் சங்கம் ஆளுக்கு இவ்வளவு என்று வசூலித்து வழக்கறிஞர்களை வைத்தது. 1886-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒருமனதாகத் தீர்ப்பளித்தது: சட்டம் எழுத்தில் நடுநிலையாக இருந்தாலும், அதை ஓர் இனத்துக்கு எதிராக நடைமுறைப்படுத்தினால் அது சமத்துவத்தை மீறியதே. குடிமகனாக இல்லாதவருக்கும் அந்தப் பாதுகாப்பு உண்டு.

இந்தத் தீர்ப்புக்கும் நமக்கும் நேரடித் தொடர்பு இருக்கிறது. அமெரிக்க அரசியலமைப்பின் 14-வது திருத்தத்தில் உள்ள ‘சமமான சட்டப் பாதுகாப்பு’ என்ற கருத்துதான் நம் அரசியலமைப்பின் 14-வது பிரிவிலும் இடம்பெற்றது. நம் உச்ச நீதிமன்றம் அந்தப் பிரிவுக்குப் பொருள் சொன்ன தொடக்ககால வழக்குகளில் ஒன்று 1952-இன் அன்வர் அலி சர்க்கார் வழக்கு. அதில் யிக் வோ தீர்ப்பும் எடுத்துப் பேசப்பட்டது. பத்து டாலர் அபராதத்தைக் கட்ட மறுத்த ஒரு சலவைக்காரரின் பெயர் டெல்லி நீதிமன்றம் வரை நடந்து வந்திருக்கிறது. சட்டக் கல்லூரி மாணவர்கள் இதைத் தேடிப் படிக்க வேண்டும்.

பள்ளிக்கூட வாசலில் எட்டு வயதுக் குழந்தை

சான் பிரான்சிஸ்கோவில் 1859-இல் சீனக் குழந்தைகளுக்கென்று தொடங்கிய அரசுப் பள்ளியை 1871-இல் மூடினார்கள். அடுத்த 14 ஆண்டுகள், பள்ளிக்கு வரி கட்டிய சீனர்களின் பிள்ளைகளுக்கு அரசுப் பள்ளி எதுவும் இல்லை. 1884-இல் ஜோசப் டேப், மேரி டேப் தம்பதி தங்கள் எட்டு வயது மகள் மேமியை ஸ்பிரிங் வேலி பள்ளிக்கு அழைத்துப் போனார்கள். தலைமையாசிரியர் வாசலிலேயே மறுத்தார். பெற்றோர் வழக்குத் தொடர்ந்தார்கள். 1885-இல் கலிபோர்னியா உச்ச நீதிமன்றம் மேமியைச் சேர்க்கச் சொன்னது.

தீர்ப்பு வந்ததும் சட்டமன்றம் அவசர அவசரமாகச் சட்டத்தைத் திருத்தியது. சீனக் குழந்தைகளுக்குத் தனிப்பள்ளி வைக்கலாம், தனிப்பள்ளி இருந்தால் மற்ற பள்ளியில் சேர்க்க வேண்டியதில்லை என்று எழுதிக்கொண்டது. அதற்கிடையே மேமி மறுபடியும் பள்ளிக்குப் போனபோது, தடுப்பூசிச் சான்று சரியில்லை, வகுப்பில் இடமில்லை என்றார்கள். மேரி டேப் கல்விக் குழுவுக்கு எழுதிய கடிதம் நாளிதழில் வெளியானது. சீனராகப் பிறந்தது அவமானமா என்று அதில் அவர் கேட்டார். அனாதையாக வளர்ந்து, அந்நிய மொழியைக் கற்று, அந்த மொழியிலேயே அதிகாரிகளைக் கேள்வி கேட்ட தாய் அவர். அவர் மகள் கடைசியில் தனிப்பள்ளியில்தான் சேர்ந்தாள். அந்தத் தனிப்பள்ளிச் சட்டம் 1947 வரை கலிபோர்னியாவின் சட்டப் புத்தகத்தில் இருந்தது.

வழக்கில் வென்றும் வாசலில் தோற்ற கதை இது. தீர்ப்பு ஒன்றே போதும் என்று நம்புகிறவர்கள் மேமியை நினைத்துக்கொள்ள வேண்டும்.

கயிறு கட்டிய தெருக்கள்

1900 மார்ச்சில் சீனர் பகுதியின் விடுதி ஒன்றின் நிலவறையில் ஒருவர் பிளேக் நோயால் இறந்து கிடந்தார். மறுநாளே அந்தப் பகுதியைச் சுற்றிக் கயிறு கட்டினார்கள். உள்ளே இருந்த வெள்ளையர்கள் வெளியே போகலாம், சீனர்கள் போக முடியாது. மே மாதக் கடைசியில் மறுபடியும் அடைத்தபோது, எல்லைக்கோட்டை வளைத்து வளைத்துப் போட்டார்கள். ஒரே தெருவில், ஒட்டிய சுவரில், சீனர் கடை கோட்டுக்கு உள்ளே, வெள்ளையர் கடை கோட்டுக்கு வெளியே. நோய்க்கிருமி தோல் நிறம் பார்த்துத்தான் பரவுமா என்ன? கூட்டாட்சி நீதிபதி மாரோ ஜூன் மாதத்தில் அந்த அடைப்பைச் செல்லாது என்றார். உண்மையிலேயே நோயைத் தடுப்பது நோக்கமாக இருந்திருந்தால், நோயாளி இருந்த வீடுகளை அடைத்திருக்க வேண்டும். ஓர் இனத்தையே சேர்த்து அடைத்ததால் நோய் பரவும் வாய்ப்புதான் கூடியது என்பது அவர் சொன்ன காரணம்.

1906 ஏப்ரல் 18-இல் நிலநடுக்கமும் தீயும் நகரத்தை அழித்தன. சீனர் பகுதி சாம்பலானது. இதுதான் சமயம் என்று, நகரின் நடுவில் இருந்த அந்த இடத்திலிருந்து சீனர்களை ஊரின் தெற்கு ஓரமான ஹன்டர்ஸ் பாயின்ட்டுக்குத் துரத்த நகரப் பெரியவர்கள் திட்டமிட்டார்கள். சீன வணிகர்கள், ‘எங்கள் வணிகத்தை வேறு துறைமுகத்துக்குக் கொண்டுபோகிறோம்’ என்றார்கள். சீன அரசின் பிரதிநிதிகளும் எதிர்த்தார்கள். வாடகையை இழக்க விரும்பாத வெள்ளை நிலச்சொந்தக்காரர்களும் தயங்கினார்கள். சீனர்கள் அதே இடத்தில் திரும்பக் கட்டினார்கள். இன்று சுற்றுலாப் பயணிகள் படம் எடுக்கும் அந்த வளைந்த கூரைகள் அப்போது கட்டியவைதான். ஊரின் நடுவில் இருக்கும் இடத்தை விடக் கூடாது என்ற பிடிவாதம் அந்தக் கூரைகளுக்கு அடியில் இருக்கிறது.

மிதிபட்டவன் தேடும் அடுத்த ஆள்

இதுவரை சொன்னது ஒடுக்கியவர்களின் கதை. ஒடுக்கப்பட்டவர்களுக்குள் நடந்ததையும் பேசாமல் விட்டால் அது அரைக்கதை.

‘சீனர்கள் வெளியேற வேண்டும்’ என்ற முழக்கத்தோடு 1877-இல் சான் பிரான்சிஸ்கோவில் ஒரு தொழிலாளர் கட்சியே உருவானது. அதே ஆண்டு ஜூலையில் நடந்த மூன்று நாள் கலவரத்தில் சீனச் சலவைக்கடைகள் சூறையாடப்பட்டன. சீனர்கள் நான்கு பேர் கொல்லப்பட்டார்கள். அந்தக் கட்சியின் தலைவர் டெனிஸ் கியர்னி யார்? அயர்லாந்திலிருந்து பிழைக்க வந்தவர். பஞ்சத்தில் அடிபட்டு வந்த ஐரிஷ் மக்களை அமெரிக்காவின் கிழக்குப் பகுதியில் இழிவாகத்தான் நடத்தினார்கள். அப்படி இழிவைச் சுமந்த கூட்டத்தின் கோபம், கூலியைக் குறைத்த முதலாளி மீது முழுதாகத் திரும்பாமல், குறைந்த கூலிக்குத் தள்ளப்பட்ட சீனர் மீது திரும்பியது. தனக்குக் கீழே ஒருவன் இருக்கும்போது மேலே இருப்பவனை மறந்துவிடுவது மனித மனத்துக்கு எளிது. அண்ணல் அம்பேத்கர் படிநிலைச் சமத்துவமின்மை என்று சொன்ன நோய் சாதி இல்லாத தேசத்திலும் வேலை செய்யும்.

சீனர்களும் அந்த நோய்க்கு விலக்கில்லை. சாட்சி சொல்லும் உரிமை போனபோது, சான் பிரான்சிஸ்கோவின் சீன வணிகர்கள் எதிர்ப்புத் தெரிவித்தார்கள். ஆனால், எங்களைக் கறுப்பர்களோடும் பழங்குடிகளோடும் ஒன்றாக வைக்கலாமா என்பதும் அந்த எதிர்ப்பில் இருந்தது. கறுப்பர்களுக்கும் பழங்குடிகளுக்கும் அந்த உரிமை ஏன் இல்லை என்று அவர்கள் கேட்கவில்லை.

1882-இல் சீனர் விலக்குச் சட்டம் வந்தது. சீனத் தொழிலாளர்கள் நாட்டுக்குள் வரத் தடை, சீனர்கள் குடியுரிமை பெறத் தடை. வணிகர்களுக்கும் மாணவர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் வரத் தடையில்லை. இனத்தோடு வர்க்கமும் சேர்ந்து எழுதிய சட்டம் அது. 61 ஆண்டுகள் நீடித்தது. 1880-இல் அமெரிக்காவில் 1,05,465 ஆக இருந்த சீனர் எண்ணிக்கை 1920-இல் 61,639 ஆகச் சுருங்கியது. 1910 முதல் 1940 வரை, வருகிறவர்களை ஏஞ்சல் தீவில் அடைத்து வைத்து, உன் வீட்டுக்கு எத்தனை படிகள், கிராமத்துக் கிணறு எந்தப் பக்கம் என்று வாரக்கணக்கில் விசாரித்தார்கள். காத்துக் கிடந்தவர்கள் மரச்சுவரில் கவிதை செதுக்கினார்கள். அந்தச் சுவர்கள் இன்றும் இருக்கின்றன.

அந்த வேலி பிறகு இந்தியர்கள் மீதும் நீண்டது. 1923-இல் பகத் சிங் திந்த் என்ற பஞ்சாபியர் குடியுரிமை கேட்ட வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. வெள்ளையருக்கும் கறுப்பருக்கும்தான் குடியுரிமை என்றிருந்த காலம். அவர் தரப்பு முன்வைத்த வாதம் என்ன தெரியுமா? தான் உயர்சாதி இந்து, ஆரிய இரத்தம், ஆகவே வெள்ளையர் இனம் என்பது. சொந்த நாட்டின் கீழ்ச்சாதியினரை வெறுப்பதையே தகுதிச் சான்றாக அங்கே கொண்டுபோய்க் காட்டினார்கள். நீதிமன்றம் ஏற்கவில்லை. சாதியைக் காட்டினால் எல்லாக் கதவும் திறக்கும் என்ற நம்பிக்கை அங்கே உடைந்தது. சாதி மட்டும் கப்பலிலிருந்து இறங்கி அங்கேயே தங்கிவிட்டது. சாதிப் பாகுபாட்டைத் தடுக்க அதே கலிபோர்னியாவின் சட்டமன்றம் 2023-இல் ஒரு மசோதாவை நிறைவேற்ற வேண்டி வந்தது. ஆளுநர் கையெழுத்திட மறுத்துவிட்டார்.

யார் கதவைத் திறந்தார்கள்?

மாற்று உதாரணமும் உண்டு. அடிமையாகப் பிறந்து தப்பி வந்த கறுப்பினத் தலைவர் பிரெடரிக் டக்ளஸ், 1869-இல் பாஸ்டன் நகரில் பேசும்போது சீனர்கள் வருவதை ஆதரித்தார். குடியுரிமையும் வாக்குரிமையும் அவர்களுக்கும் வேண்டும் என்றார். கறுப்பர்களுக்கே வாக்குரிமை உறுதியாகாத நேரம் அது. எங்கள் பங்கு குறைந்துவிடும் என்று அவர் கணக்குப் பார்க்கவில்லை.

யிக் வோ வென்றது எந்தச் சட்டத்தால்? 1868-இன் 14-வது திருத்தத்தால். உள்நாட்டுப் போருக்குப் பிறகு, விடுதலை பெற்ற கறுப்பின மக்களுக்காக எழுதியது அது. 1873-இல் சான் பிரான்சிஸ்கோவில் பிறந்த சமையல்காரர் வோங் கிம் ஆர்க், சீனா போய்த் திரும்பியபோது 1895-இல் உள்ளே விட மறுத்தார்கள். 1898-இல் உச்ச நீதிமன்றம், அமெரிக்க மண்ணில் பிறந்தவர் அமெரிக்கக் குடிமகன் என்று தீர்ப்பளித்தது. அதுவும் அதே திருத்தத்தால்தான்.

விலக்குச் சட்டம் 1943-இல் நீங்கியது உண்மை. இரண்டாம் உலகப் போரில் சீனா அமெரிக்காவின் கூட்டாளியாக இருந்ததால் நீங்கியது. நீக்கிய பிறகும் ஆண்டுக்கு அனுமதி 105 பேருக்குத்தான். உண்மையாகக் கதவு திறந்தது 1965-இன் குடியேற்றச் சட்டத்தில். கறுப்பின மக்களின் குடியுரிமைப் போராட்டம் அடித்த அலையில் பிறந்த சட்டம் அது. சான் பிரான்சிஸ்கோவின் சீன மாணவர்களில் சுமார் 1,800 பேர் ஆங்கிலம் புரியாமல், கூடுதல் உதவியும் இல்லாமல் வகுப்பில் உட்கார்ந்திருந்தார்கள். எல்லாருக்கும் ஒரே புத்தகம், ஒரே ஆசிரியர் கொடுத்துவிட்டால் சமத்துவம் ஆகிவிடாது என்று 1974-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. அந்தத் தீர்ப்புக்கு அடிப்படையும் 1964-இன் குடியுரிமைச் சட்டம்தான். புரியாத மொழியில் பாடம் கேட்டுக் கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கும் எந்தப் பிள்ளைக்கும் அந்தத் தீர்ப்பின் பொருள் உடனே விளங்கும்.

1968 நவம்பரில் சான் பிரான்சிஸ்கோ அரசுக் கல்லூரியில் கறுப்பின மாணவர்கள் தொடங்கிய போராட்டத்தில் சீன, பிலிப்பினோ, ஜப்பானிய, லத்தீன் அமெரிக்க மாணவர்களும் சேர்ந்தார்கள். நான்கு மாதங்களுக்கு மேல் நீடித்த அந்தப் போராட்டத்தின் விளைவாக, ஒடுக்கப்பட்ட இனங்களின் வரலாற்றைப் படிப்பதற்கென்றே ஒரு தனிக் கல்விப்புலம் அங்கே உருவானது. வணிகர்கள் 1850-களில் வெட்கப்பட்ட அந்த உறவைப் பேரப்பிள்ளைகள் பெருமையோடு எடுத்துக்கொண்டார்கள்.

ஆனால் அதற்குச் சில ஆண்டுகள் முன்பே, 1966-இல், ஒரு பெரிய அமெரிக்க வார இதழ் சீனர்களை வெற்றிக்கதை என்று புகழ்ந்து எழுதியிருந்தது. அரசு உதவி கேட்காமல் தாங்களாகவே முன்னேறியவர்கள் என்று பாராட்டு. கறுப்பின மக்கள் தெருவில் இறங்கி உரிமை கேட்டுக்கொண்டிருந்த நேரத்தில் வந்த பாராட்டு அது. அடித்த கை தட்டிக்கொடுக்கும்போது, அடுத்தவனை அடிக்கத்தான் தயாராகிறது என்று புரிந்துகொள்ள வேண்டும். அந்தப் பாராட்டில் சாட்சிக் கூண்டு இல்லை, காற்று விதி இல்லை, மேமி இல்லை, ஏஞ்சல் தீவு இல்லை. சீனர் பகுதியில் ஒற்றை அறையில் காலம் தள்ளும் குடும்பங்களும் முதியவர்களும் அந்த வெற்றிக்கதையில் இன்றுவரை இடம்பெறவில்லை.

சான் பிரான்சிஸ்கோ நகர நிர்வாகம் 2022 பிப்ரவரியில் சீன மக்களிடம் முறைப்படி மன்னிப்புக் கேட்டது. நல்லது. வரவேற்கலாம். ஆனால் 2025 ஜனவரியில் அமெரிக்க அதிபர், தற்காலிக விசாவில் இருப்பவர்களுக்கும் ஆவணமில்லாதவர்களுக்கும் பிறக்கும் குழந்தைகளுக்குப் பிறப்பால் குடியுரிமை இல்லை என்று ஆணையிட்டார். அதை எதிர்த்து நீதிமன்றம் போனவர்கள் கையில் எடுத்த முதல் ஆயுதம் வோங் கிம் ஆர்க் தீர்ப்பு. தற்காலிக விசாவில் போய் வேலை பார்க்கும் தமிழ்க் குடும்பங்களும் அந்த ஆணையின் வரம்புக்குள் வருகிறார்கள். நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு அங்கே பிறக்கும் குழந்தையின் உரிமை, ஒரு சீனச் சமையல்காரர் போட்ட வழக்கில் நிற்கிறது. அந்த வழக்கு கறுப்பின மக்களுக்காக எழுதிய ஒரு வரியில் நிற்கிறது. உரிமை என்பது இப்படி ஒருவர் தோள்மேல் ஒருவர் நின்று எட்டிப் பறிப்பது. தோள் கொடுத்தவரை மறந்தவர் எவ்வளவு உயரம் போனாலும் ஆபத்தில்தான் நிற்கிறார்.

மாணவர்களுக்குச் சொல்ல ஒன்று உண்டு. ‘அவர்களால் முடிந்ததே’ என்று யாராவது உங்களிடம் கேட்டால், அவர்கள் நடத்திய வழக்குகளை எடுத்துச் சொல்லுங்கள். சலவைக்காரர்கள் சங்கம் சேர்த்த பணத்தைச் சொல்லுங்கள். சிறை நிரப்பியதைச் சொல்லுங்கள். அதோடு ஒரு பழக்கத்தையும் வளர்த்துக்கொள்ளுங்கள். எந்த ஊரில் எந்தப் பொதுவிதி வந்தாலும், அதில் யார் பெயர் எழுதியிருக்கிறது என்று தேடாதீர்கள். அது யார் தோளில் போய் உட்காரும் என்று பாருங்கள்.